எரிமலை அடிவாரத்துக்குக் குடிபோகும் நம் பிள்ளைகளுக்கு

அக்கா மகள் பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கப் போவது என்று முடிவானபோது, ஏஜெண்ட் ஒரு படம் காட்டினார். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. கோபுரம் மாதிரி நான்கு பக்கமும் ஒரே சரிவு, உச்சியில் கொஞ்சம் வெள்ளைப் புகை. அது என்ன புகை என்று அக்கா கேட்டதற்கு "மேகம்தாங்க" என்று சொல்லிவிட்டு, ஃபீஸ் கட்ட வேண்டிய தேதிக்குப் போய்விட்டார்.

அது மேகம் இல்லை. அந்த மலை மயோன், 2,460 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். பிலிப்பைன்ஸில் அடிக்கடி வெடிக்கும் எரிமலை அதுதான். அவள் போகவிருந்த லெகாஸ்பி நகரம் அதன் அடிவாரத்தில் இருக்கிறது.

அக்கா வீடு கேரளத்து வண்டிப்பெரியாற்றில், என் வீடு மலைக்கு இந்தப் பக்கம் கூடலூரில். கம்பம், குமுளி, பீர்மேடு என்று எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் இப்போது பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். பிலிப்பைன்ஸுக்குப் படிக்கப் போகிறவர்கள் உண்டு, இந்தோனேசியாவுக்கும் ஜப்பானுக்கும் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. மூன்றுமே எரிமலை நாடுகள். நம் மலைகளில் எரிமலை கிடையாது, அதனால் வீட்டில் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நான் பல வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவன். எரிமலைப் பாடத்தை வருடா வருடம் போர்டில் வரைந்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை அதன் காலடியில் போய் இருக்கப் போகிறாள் என்றதும், அதே பாடத்தை முதலிலிருந்து வேறு கண்ணோடு படித்தேன். அவளுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சிவப்பாக ஓடி வரும் குழம்பைத்தான் நாம் எரிமலை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது மெதுவாகத்தான் நகரும். வீட்டை எரிக்கும், ஆனால் ஆளுக்கு விலக நேரம் கொடுக்கும். உயிரை எடுப்பவை வேறு: மலையிலிருந்து உருண்டு வரும் வெந்த சாம்பல் மேகம், கூரையில் ஏறும் சாம்பல் பாரம், அப்புறம் மழையோடு இறங்கும் சேறு. இந்த மூன்றுக்கும் எங்கே இருக்கக் கூடாது, எப்போது கிளம்ப வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும்.

வீடு பிடிக்கும் முன் வரைபடம்

வாடகை எவ்வளவு, கல்லூரிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு தூரங்களை அளந்து பாருங்கள். ஒன்று, மலை உச்சிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். மயோனைச் சுற்றி 6 கி.மீ. வரை நிரந்தர அபாய வளையம், அதற்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மலையிலிருந்து இறங்கும் ஆற்றுக்கும் ஓடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். வறண்டு கிடக்கும் ஓடையானாலும் கணக்கில் எடுங்கள்.

கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 இரவு நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. பெரிய வெடிப்பு இல்லை. ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலோடும் பாறையோடும் கலந்து ஆற்றுவழியே இறங்கியது. ஏறத்தாழ 70 கி.மீ. தள்ளி இருந்த அர்மேரோ என்ற ஊருக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஊரைக் கிளப்ப ஆள் இல்லை. 20,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது.

அதனால் உச்சியிலிருந்து தூரம் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பிலிப்பைன்ஸில் எரிமலை, நில அதிர்வு நிறுவனமான பிவோல்க்ஸ் எல்லா முக்கிய எரிமலைக்கும் அபாய வரைபடம் வெளியிட்டிருக்கிறது. பராங்காய் அலுவலகத்தில், அதாவது நம் ஊராட்சி அலுவலகம் மாதிரியான இடத்தில் கேட்டாலும் காட்டுவார்கள். வீட்டை அதில் குறித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மேடான இடம், கான்கிரீட் கூரை, ஓடையைக் கடக்காமல் வெளியேறும் சாலை: இந்த மூன்றும் இருந்தால் வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

எச்சரிக்கை எண்

பிலிப்பைன்ஸில் 0 முதல் 5 வரை. 1 என்றால் லேசான அமைதியின்மை, 2 என்றால் அது கூடுகிறது, 3 என்றால் மாக்மா, அதாவது உள்ளே உருகிய பாறைக் குழம்பு, மேலே வந்துகொண்டிருக்கிறது, 4 என்றால் அபாயமான வெடிப்பு நெருங்கிவிட்டது, 5 என்றால் அது நடந்துகொண்டிருக்கிறது. இந்தோனேசியாவில் நான்கு படி, அதில் கடைசிப் படிக்கு 'அவாஸ்' என்று பெயர். ஜப்பானில் 1 முதல் 5. போய் இறங்கும் நாட்டின் கணக்கை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டிப்பெரியாற்றுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கஷ்டமே இல்லை. முல்லைப்பெரியாறு அணையில் தண்ணீர் 136 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை வரும். அங்கிருந்து 142-ஐ நோக்கி ஏற ஏற, ஆற்றோரத்து வீடுகளில் ரேஷன் கார்டும் துணியும் பைக்குள் போகும். அக்கா மகள் அந்த எண்களோடு வளர்ந்தவள். "அணை மாதிரிதான மாமா, நம்பர் ஏறுனா மூட்டை கட்டணும்" என்றாள். ஆமாம் தாயி, அதேதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அணையில் தண்ணீர் அடி அடியாகத்தான் ஏறும். எரிமலை தாவும். மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் தால் எரிமலை 2020 ஜனவரி 12 மதியம் வரை 1-ல் இருந்தது. அன்று இரவே 4. ஏரிக்கு நடுவில் இருந்த தீவுக்காரர்கள் கையில் கிடைத்ததோடு படகு ஏறினார்கள். சாம்பல் மணிலா வரை விழுந்தது, விமான நிலையத்தை மூடினார்கள், நகரத்துக் கடைகளில் மாஸ்க் தீர்ந்துபோனது.

எண் 0-வில் இருக்கிறதே என்று மலை ஏறப் போவதும் கூடாது. 2013 மே 7 அன்று மயோன் 0-வில்தான் இருந்தது. உள்ளே தேங்கிய நீர் சூடாகி நீராவியாக வெடித்ததில் ஏறிப்போன ஐந்து பேர் செத்தார்கள். ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று கீழ்ப்படியான 1-ல் இருந்தபோதே வெடித்து 63 பேரைக் கொண்டுபோனது. விடுமுறைக்கு நண்பர்கள் உச்சிக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடிவாரத்தில் நின்று பார்க்க அந்த மலைக்கு ஈடு கிடையாது.

மலை காட்டும் அடையாளங்கள்

எண்ணை ஏற்றி இறக்குவது விஞ்ஞானிகளின் வேலை. அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் பேச்சை நம்பச் சுலபமாக இருக்கும். அதற்குப் பினாதுபோவைவிட நல்ல பாடம் இல்லை.

பினாதுபோ பிலிப்பைன்ஸில் 500 வருடம் போலத் தூங்கிய மலை. மேலே காடு, சரிவில் கிராமங்கள். பெரும்பாலோருக்கு அது எரிமலை என்பதே தெரியாது. 1991 மார்ச்சில் கிராமத்தார் சின்னச் சின்ன அதிர்வுகளை உணர்ந்தார்கள். ஏப்ரல் 2-ல் மலையின் ஒரு பக்கத்தில் நீராவி பீறிட்டது. விஞ்ஞானிகள் கருவிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். மே நடுவில் மலையிலிருந்து நாளொன்றுக்கு 500 டன் அளவில் கந்தக டை ஆக்சைடு வந்துகொண்டிருந்தது. இரண்டே வாரத்தில் அது 5,000 டன்னைத் தாண்டியது. அப்புறம் திடீரென்று குறைந்தது. சாதாரணமாகப் பார்த்தால் அப்பாடா என்று இருக்கும். அவர்கள் பயந்தார்கள், ஏனென்றால் வாயு வரும் வழி அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். குக்கர் விசில் நின்றுவிட்டால் அடுப்படியில் இருப்பவர் ஏன் ஓடிப்போய்ப் பார்க்கிறார் என்று யோசியுங்கள்.

ஜூன் 9-ல் எச்சரிக்கை 5 ஆனது. வெளியேற்றும் வளையத்தை 10, 20, 30, 40 கி.மீ. என்று விரித்துக்கொண்டே போனார்கள். பல பேர் நம்ப மறுத்தபோது எரிமலை ஆய்வாளர்களான மோரிஸ், காட்யா கிராஃப்ட் தம்பதி எடுத்த எரிமலை வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தம்பதி அதே ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் வெந்த சாம்பல் மேகத்தில் சிக்கி இறந்தார்கள். ஜூன் 15 அன்று பினாதுபோ முழுவேகத்தில் வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. முன்கூட்டியே கிளப்பியதால் குறைந்தது 5,000 உயிர்களாவது பிழைத்தன என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்கு.

அங்கே குடியிருப்பவர் தம் கண்ணால் பார்க்கக்கூடியவையும் உண்டு. அதிர்வுகள் அடிக்கடி வருவது, கூடவே மலைக்குள் உறுமல் சத்தம். வெள்ளையாக இருந்த புகை சாம்பல் நிறமாவது. இரவில் உச்சி செக்கச் சிவக்க மினுங்குவது. சரிவில் மழையில்லாமலே கல் உருள்வது. மேலே மரம் செடி காரணமில்லாமல் கருகுவது. அழுகிய முட்டை நாற்றம். ஊற்றும் கிணறும் வற்றுவது, அல்லது தண்ணீர் சூடாவது. கடைசியாகச் சொன்னதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் ஓடை திடீரென்று நின்றாலோ கலங்கினாலோ மேலே மண் அசைந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இதில் ஏதாவது கண்ணில் பட்டால் பராங்காய் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அதற்கும் முன்னால் விலகி நில்லுங்கள்.

பை

எண் 1 ஆனதும் பை தயாராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, மார்க் ஷீட் ஆகியவற்றின் அசல் ஒரு பிளாஸ்டிக் உறையில், போட்டோ வீட்டார் போனில். மூன்று நாளைக்குத் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, வழக்கமான மாத்திரை, டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம். கரண்ட் போனால் கார்டு எங்கும் செல்லாது. என்95 மாஸ்க் பத்தாவது வேண்டும், சாம்பல் விழுந்த பிறகு கடையில் கிடைக்காது. காற்று புகாத கண்ணாடி. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பழைய மூக்குக்கண்ணாடியை மறக்காமல் வையுங்கள், சாம்பல் நாளில் லென்ஸ் கருவிழியைக் கீறிவிடும்.

கிளம்பச் சொன்னால்

கிளம்ப வேண்டியதுதான். அங்கே 'லிகாஸ்' என்ற சொல்லை ஒலிபெருக்கியில் கேட்டால் அதற்கு 'வெளியேறு' என்று அர்த்தம். பள்ளத்தாக்கு வழியாகப் போகாதீர்கள். பாலத்தைத் தாண்டும் முன் ஆற்றின் மேல்பக்கம் பாருங்கள்.

வெந்த சாம்பல் மேகத்தை, அதாவது பைரோகிளாஸ்டிக் ஓட்டத்தை, வண்டியில் ஓடிப்போய் ஜெயிக்க முடியாது. மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல் வரும், உள்ளே சூடு பல நூறு டிகிரி. அது வருவதற்கு முன்பே அங்கே இல்லாமல் இருப்பது ஒன்றுதான் வழி. 1993 பிப்ரவரியில் மயோன் அப்படி இறங்கியபோது 70-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் சரிவில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த விவசாயிகள். ஏலத்தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். விளைச்சலை விட்டுவிட்டுக் கீழே வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் புத்தகத்தையும் லேப்டாப்பையும் எடுக்க வளையத்துக்குள் திரும்பிப் போகும் மாணவர்களுக்கு அந்தக் காரணம்கூட இல்லை.

சாம்பல் விழும் நாள்

விடுமுறைக்கு வந்தபோது அக்கா மகள் ஒரு மாத்திரை டப்பாவில் பழைய எரிமலைச் சாம்பல் கொண்டுவந்தாள். அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கும் என்று அக்கா நினைத்திருந்தாள். சில்வர் தட்டில் ஒரு சிட்டிகை போட்டு விரலால் தேய்த்தேன். நறநறவென்றது. துடைத்துப் பார்த்தால் தட்டில் மெல்லிய கீறல்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரையவில்லை, சிமெண்டுப் பசை மாதிரி இறுகி உட்கார்ந்தது. அது எரிந்து வந்த சாம்பல் இல்லை. பாறையும் கண்ணாடியும் பொடியானது. நுரையீரலுக்கும் கண்ணுக்கும் வண்டி இன்ஜினுக்கும் அது என்ன செய்யும் என்று அந்தத் தட்டைப் பார்த்ததும் அக்காவுக்கு விளங்கிவிட்டது.

ஆகவே சாம்பல் விழ ஆரம்பித்தால் வீட்டுக்குள் போங்கள். ஜன்னலை மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். ஏசி வேண்டாம், ஃபேனைக் குறையுங்கள். குடிதண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். மழைநீர்த் தொட்டிக்குக் கூரையிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிடுங்கள். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் மாஸ்க், முழுக்கை, கண்ணாடி. மாஸ்க் இல்லாவிட்டால் துணியை மடித்துக் கட்டலாம், அது பாதிப் பாதுகாப்புதான். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே வரவே கூடாது. வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. சாலை வழுக்கும், வைப்பர் போட்டால் முன்கண்ணாடி கீறிப்போகும்.

கூட்டும்போது லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டி மூட்டை கட்டுங்கள். ஹோஸ் பிடித்து அடித்தால் சாக்கடைக்குள் போய்க் கல்லாக இறுகும்.

இனி கூரை. நனைந்த சாம்பல் பத்து சென்டிமீட்டர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ பாரம். பத்துக்குப் பத்தடி அறையின் கூரையில் அது ஒரு டன்னைத் தொடும், சில இடத்தில் இரண்டு டன்னை நெருங்கும். நம் பக்கத்து லயத்துத் தகரக் கூரை அதைத் தாங்குமா என்று நினைத்துப் பாருங்கள். பினாதுபோ வெடித்த அன்றே யூன்யா என்ற புயலும் அந்தப் பக்கம் வந்தது. சாம்பல் மழையில் நனைந்து கனத்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் கூரை இடிந்து விழுந்துதான் இறந்தார்கள். சில சென்டிமீட்டர் சேர்ந்ததுமே தள்ளிவிட வேண்டும். தனியாக ஏறாதீர்கள், ஏணியைப் பிடிக்கக் கீழே ஆள் நிற்கட்டும். கூரை முனகினால் தள்ளுவதை விட்டுவிட்டு வேறு கட்டிடத்துக்குப் போய்விடுங்கள்.

மழை

வெடிப்பு ஓய்ந்தது, எண் இறங்கியது, எல்லோரும் வீடு திரும்பினார்கள். இதற்குப் பிறகு வருவதுதான் லகார். சரிவில் குவிந்து கிடக்கும் சாம்பலும் கல்லும் மழையில் கரைந்து ஈர சிமெண்டுக் குழம்பாக ஓடையில் இறங்குவது. நம் ஊர் உருள்பொட்டலை, அதாவது நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றிப் பாதி தெரியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோனதும் நனைந்த மலைதான். மிச்சப் பாதி இது: லகாருக்கு அன்றைக்கு எரிமலை வெடிக்க வேண்டியதே இல்லை.

2006-ல் மயோன் ஜூலையிலிருந்து குமுறியது. ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பயந்தபடி பெரிய வெடிப்பு வரவில்லை, ஆட்கள் வீடு திரும்பினார்கள். நவம்பர் 30 அன்று ரெமிங் என்று அங்கே பெயர் வைத்த புயல் வந்தது. சில மணி நேர மழை. சரிவிலிருந்த சாம்பலும் பாறையும் ஒரே மூச்சில் இறங்கி ஊர்களை மூடின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பினாதுபோவில் இது பல வருடம் தொடர்ந்தது. பகோலோர் என்ற ஊரில் தேவாலயம் பாதி உயரத்துக்குப் புதைந்துபோனது. பழைய ஜன்னல்கள் வழியாகத்தான் இன்றும் உள்ளே போகிறார்கள்.

ஆகவே எரிமலை ஊரில் இருக்கும் வரை வானிலைச் செய்தியை எச்சரிக்கை எண்ணோடு சேர்த்தே பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால், எண் 1-ல் இருந்தாலும் ஓடையோரத்து நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். ஆற்றில் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ, பாறைகள் முட்டும் கடகடச் சத்தம் தூரத்தில் கேட்டாலோ, ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். குறுக்காக மேட்டில் ஏறுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

வெடிப்புச் செய்தி டிவியில் வந்ததும் டிக்கெட் போடத் தோன்றும். விமானம் பறக்காது. 1982 ஜூன் 24-ல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்துக்கு நான்கு இன்ஜினும் நடுவானில் நின்றன. கீழே இறங்கி வந்த பிறகுதான் மறுபடி பிடித்து ஜகார்த்தாவில் தரை தொட்டது. அதிலிருந்து சாம்பல் மேகம் என்றால் யாரும் விளையாடுவதில்லை. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குபி வெடித்தபோது சாம்பல் வட இந்தியா வரை வந்தது, இங்கேயும் விமானங்களை நிறுத்தினார்கள். ஆகவே பிள்ளை அதே நாட்டுக்குள் தூரத்து ஊருக்குப் பஸ்ஸில் போவதுதான் நடக்கக்கூடிய வழி. அங்கே யார் வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். மணிலாவில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் போன் எண்ணையும் முகவரியையும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

2023 ஜூனில் மயோன் 3-க்கு ஏறியபோது, "பரீட்சை முடிச்சிட்டு வெளியூர் போனாப் போதாதா?" என்று அக்கா கேட்டுவிட்டாள். மகள் இருந்த விடுதி வளையத்துக்கு வெளியேதான் இருந்தது, கல்லூரியும் நடந்தது. ஆனாலும், "போகச் சொன்னா போயிருவேம்மா, பரீட்சை அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்றாள் மகள். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரு ஏற்பாடு. போன் அடித்துக்கொண்டே இருப்பதில்லை, லைன் நெருக்கடியில் அது கிடைக்கவும் கிடைக்காது. காலையில் வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் வரும்: எச்சரிக்கை எண், மழை உண்டா இல்லையா, இன்று எங்கே இருக்கிறாள். மழைக்காலத்தில் அக்காவும் பதிலுக்கு அணையின் அடியை எழுதி அனுப்புகிறாள்.